கல் போன காணிக்கு எல்லை எங்கே?

கேள்வி: அப்பாவின் பெயரில் அனுமதிப்பத்திரக் காணி. இடப்பெயர்வில் பத்திரம் போய்விட்டது; நாலு எல்லைக்கல்லில் ஒன்றுதான் மிச்சம். தம்பி கைத்தொலைபேசியில் நாலு மூலைக்கும் ஜீ.பி.எஸ். எடுத்து வைத்திருக்கிறார். அதை வைத்துக் கல் நாட்டலாமா?
*— வாசகர், வட்டக்கச்சி*

பதில்: நாட்டாதீர்கள். திறந்த வெளியில் தொலைபேசி 3 முதல் 5 மீற்றர் வரை பிழை காட்டும், பனைக்கும் மாமரத்துக்கும் கீழே அதைவிடக் கூட. 100 மீற்றர் நீளமான பக்கம் 5 மீற்றர் தள்ளிப்போனால் 500 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 20 பேர்ச். மேட்டுக்காணிக் கணக்கில் இரண்டு பரப்பு. அயலவர் சும்மா இருப்பாரா?

அடுத்த சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. தொலைபேசி தருவது உலகப் பொது ஆள்கூறு, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்கள். பழைய பிளான்கள் கந்தவளை ஆதாரத்தில், அதாவது இலங்கையின் பழைய அளவை அடிப்படையில், வரைந்தவை. மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டால் காணி நூறு மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். இன்னொரு பொறியும் உண்டு: பழைய இலங்கைக் கட்டத்தில் மூலப்புள்ளிக்குக் கொடுத்த எண் 200,000 மீற்றர், பிறகு வந்த 1999 ஆதாரத்தில் அதே புள்ளிக்கு 500,000 மீற்றர். இரண்டையும் கலந்தால் காணி கடலுக்குள் போய் விழும், அது உடனே பிடிபடும். பிடிபடாத சின்னப் பிழைதான் வழக்காகிறது.

முதலில் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் அனுமதிப்பத்திரப் பேரேட்டைப் பார்க்கக் கேளுங்கள். அதில் கிராமப் படத்தின் இலக்கமும் துண்டு இலக்கமும் இருக்கும். அந்த இரண்டும் கையில் இருந்தால்தான் நில அளவை அலுவலகத்தில் படத்தைத் தேட முடியும். போட்டோக்கொப்பியில் அடிமட்டம் வைத்து அளக்க வேண்டாம். கிராமப் படங்கள் பல ஒரு அங்குலத்துக்கு நாலு சங்கிலி அளவுத்திட்டத்தில், அதாவது 1:3168 இல் வரைந்தவை. தாளில் ஒரு மில்லிமீற்றர் தரையில் 3 மீற்றருக்கு மேல். பென்சில் கோட்டின் தடிப்பே ஒரு மீற்றர் வரும். கொப்பி எடுக்கும்போது தாள் இழுபடுவது வேறு.

அளவையாளர் வரும் நாளில் பழைய அடையாளங்களைக் காட்ட ஆயத்தமாக இருங்கள்: மதகு, வாய்க்கால் வளைவு, கலிங்கு, கோயில் கிணறு, பக்கத்துத் துண்டின் கல். குறைந்தது மூன்று வேண்டும். மூன்றுக்கும் இடைப்பட்ட தூரங்கள் படத்தோடு ஒத்துவந்தால் நிம்மதி. இரண்டு ஒத்துவந்து மூன்றாவது முரண்பட்டால், அந்த மூன்றாவது இடம் மாறியிருக்கலாம். வேலியை நம்பாதீர்கள், ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் கதியால் ஒரு சாண் நகரும். ஆனால் பற்றைக்குள் ஒரே நேரில் நிற்கும் பழைய கிளுவை அடிக்கட்டைகள் நல்ல சாட்சி, வெட்டிவிடாதீர்கள். புதைந்த கல்லைத் தோண்டுமுன் அந்த இடம் கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று கிராம அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சர்வதேச நில அளவையாளர் சம்மேளனம் என்று ஒன்று இருக்கிறதாமே. அவர்கள் வந்து எங்களுக்கு உரித்துப் பதிந்து தருவார்களா?
*— வாசகர், முள்ளியவளை*

பதில்: தரமாட்டார்கள். 1878இல் பரிஸ் நகரில் தொடங்கி, இப்போது கோப்பன்ஹேகனில் அலுவலகம் வைத்திருக்கும் சங்கங்களின் சங்கம் அது. பணம் கொடுப்பதோ உறுதி எழுதுவதோ அதன் வேலை அல்ல. அதன் ஏழாவது ஆணைக்குழு காணிப் பதிவேட்டு முறைகளை நாடுகளுக்கிடையே ஒப்பிட்டு வழிகாட்டி எழுதுகிறது. 2014இல் உலக வங்கியோடு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியின் சாரம் இது: எல்லா இடத்திலும் சென்ரிமீற்றர் துல்லியம் தேடிக் காலம் கடத்தாதே, வான்படத்தில் தெரியும் எல்லையை ஊரவர் முன்னிலையில் கீறிப் பதி, தேவைப்படும் இடத்தைப் பிறகு கூர்மையாக்கு. ருவாண்டா இந்த வழியில் சில ஆண்டுகளுக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட துண்டுகளைப் பதிந்தது.

வன்னிக்குப் பொருந்துமா? வயலுக்குப் பொருந்தும், வரம்பு மேலிருந்து பளிச்சென்று தெரியும். வடலிக்கும் பற்றைக்கும் நடுவில் கிடக்கும் மேட்டுக்காணிக்கும் பரந்தன் சந்திக் கடைத்துண்டுக்கும் பொருந்தாது, அங்கே தரையில் அளந்துதான் ஆகவேண்டும். காட்டோரத்தில் இன்னொன்று: வன இலாகாக் கோடும் அனுமதிப்பத்திரக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் எந்த வான்படமும் தீர்ப்புச் சொல்லாது. உரித்துப் பதிவுக்கு இங்கே உள்ள சட்டம் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். அதன்கீழ் நடப்பதுதான் 2007இல் தொடங்கிய பிம்சவிய என்ற அரச உரித்துப் பதிவுத் திட்டம்.

கேள்வி: கணவரைக் காணவில்லை. காணி அவர் பெயரில். வெளிநாட்டு முறைகளில் என்னைப் போன்றவர்களுக்கு இடம் உண்டா?
*— வாசகி, செட்டிகுளம்*

பதில்: உண்டு. ஐ.நா. குடியிருப்பு நிறுவனத்தின் ஆதரவில் உருவான எஸ்.ரி.டி.எம். என்ற பதிவுமுறையில் 'உரிமையாளர்' என்ற ஒரு பெட்டி மட்டும் கிடையாது. ஆள், காணி, இரண்டுக்கும் இடையிலான உறவு என்று மூன்றாகப் பதிவார்கள். குடியிருப்பவர், குத்தகைக்காரர், கணவனின் காணியைப் பார்ப்பவர் என எல்லா உறவும் ஏறும், சான்றின் படமும் கூடவே ஏறும். ஆனால் அது உறுதி அல்ல. உங்கள் வேலை பிரதேச செயலகத்தில்தான். ஆளைக் காணவில்லை என்று பதிவாளர் நாயகம் வழங்கும் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வரி அல்லது தண்ணீர்ப் பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கோப்பில் சேர்க்கக் கொடுத்து, கொடுத்த திகதியோடு ஒப்பம் வாங்குங்கள். காணி அபிவிருத்திச் சட்டத்தில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமையை 2022 திருத்தம் நீக்கிவிட்டது. 'மூத்த மகனுக்குத்தான்' என்று யாரும் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் அளவை உதவியாளர். அந்த எஸ்.ரி.டி.எம்.ஐப் பழகலாமா?
*— வாசகர், மாங்குளம்*

பதில்: தாராளமாக. இலவசம், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் மேல் ஓடும். எங்கள் பக்கத்தில் அதைக் கெடுப்பது அளவு அல்ல, பெயர். பத்திரத்தில் தமிழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் வேறு எழுத்து, முதலெழுத்து இடம் மாறியிருக்கும். ஆகவே ஆளை அட்டை இலக்கத்தால் இணையுங்கள். அதிலும் கவனம்: பழைய இலக்கம் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், புதியது பன்னிரண்டு. பிறந்த ஆண்டு நாலு இலக்கமாகி, நடுவில் ஒரு பூச்சியம் சேர்ந்து, கடைசி எழுத்து போய்விடும். பழையதையெல்லாம் புதியதாக மாற்றிவிட்டுப் பதியுங்கள். இல்லாவிட்டால் ஒரே மனிதர் உங்கள் பட்டியலில் இரண்டு பேராக நிற்பார், ஒரு காணிக்கு இரண்டு உரிமைக்காரர் வந்துவிடுவார்கள்.