வீட்டில் திருட்டு அலாரமும் தீ அலாரமும் மாட்டியாயிற்று. அடிக்கடி சும்மா கத்துகிறது, அப்பா ஆஃப் செய்துவிடுகிறார். வயதானவர்கள் இதைச் சரியாக இயக்க என்ன வழி?

கேள்வியில் நீங்கள் சொன்னது: அம்மாவும் அப்பாவும் திருச்சியில் தனி வீட்டில், நீங்கள் பெங்களூரில். வாசல் கதவு, கொல்லைக் கதவு, ஜன்னல்களுக்கு சென்சார், ஹாலில் ஒரு மோஷன் சென்சார், இரண்டு ஸ்மோக் டிடெக்டர், ஒரு சைரன், இவை எல்லாவற்றையும் இணைத்து அலாரம் அடித்தால் போனிலும் அழைக்கும், சிம் கார்டு போட்ட பேனல். நான் கோவையில் கேமராவும் அலாரமும் மாட்டும் தொழிலில் இருப்பவன். உங்கள் வீட்டுக் கதை எனக்குப் புதிதில்லை.

முதல் வேலையாக, அப்பா எதை ‘ஆஃப்’ செய்கிறார் என்று கேளுங்கள். கீபேடில் கோட், அதாவது ரகசிய எண், போட்டு டிஸ்ஆர்ம் செய்கிறாரா (காவலை நிறுத்துகிறாரா), பிளக்கையே பிடுங்குகிறாரா? டிஸ்ஆர்ம் செய்தால் கதவு, ஜன்னல், மோஷன் சென்சார்கள் மட்டும்தான் ஓய்வெடுக்கும். சென்சார்களைப் பேனலில் எண் போட்டுப் பிரித்திருக்கும் பிரிவுதான் ஸோன். ஸ்மோக் டிடெக்டர், காஸ் டிடெக்டர், ஆபத்தில் அழுத்தும் பேனிக் பட்டன் மூன்றையும் பொதுவாக 24 மணி நேர ஸோனில் போட்டிருப்பார்கள். ஆர்ம் செய்தாலும் (காவலில் வைத்தாலும்) செய்யாவிட்டாலும் அவை விழித்துக்கொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் பேனலுக்குள் இருக்கிற 12 வோல்ட் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும். அப்போதும் கத்துகிறதே என்று பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டால், திருட்டு அலாரத்தோடு தீ அலாரமும் போயிற்று. டிடெக்டருக்குத் தனி பேட்டரி இருந்தால் அது மட்டும் தன் இடத்தில் கத்தும். சைரனும் அடிக்காது, போனும் வராது.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டில் அம்மா ஒருவர், “ஏங்கண்ணு, எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே கெடக்குது, புடுங்கி வெச்சுப்போட்டேன்” என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் காரணமில்லாமல் சைரன் அடித்தால் யாராக இருந்தாலும் பிடுங்கத்தான் செய்வார்கள். அதனால் பெற்றோருக்குப் பாடம் எடுப்பதற்கு முன்னால் பொய் அலாரத்தை நிறுத்துங்கள். பழக்கம் தானாக வரும்.

எந்த ஸோன் அடித்தது என்று கீபேடே சொல்லும். ‘மெமரி’ என்று இருக்கும். கோட் போட்டு சைரனை நிறுத்தியதும் அந்த எண் தெரியும். பலர் அதைப் பார்ப்பதற்கு முன்பே இன்னொரு முறை கோட் போட்டு அழித்துவிடுகிறார்கள். பிறகு எங்களைக் கூப்பிட்டு, “என்னவோ அடிச்சுதுங்க” என்றால் நாங்கள் என்ன செய்ய? ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில், 1 வாசல் கதவு, 2 கொல்லைக் கதவு, 3 ஹால், 4 அப்பா ரூம் புகை என்று தமிழில் எழுதி கீபேட் பக்கத்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். வெளியே ஒட்டினால் வருகிறவர் போகிறவர் எல்லாம் படிப்பார்கள்.

அடிப்பது கதவு ஸோன் என்றால் அநேகமாக மரம்தான் குற்றவாளி. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சுவிட்ச். இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடினால் கதவு திறந்துவிட்டது என்று பேனல் நினைக்கும். ஐப்பசி மழையில் மரக் கதவு உப்பி முழுதாக மூடாது. ஆடிக் காற்றில் தாழ்ப்பாள் ஆடும். இடைவெளி விளிம்பில் இருக்கிற கதவுக்கு அந்த ஆட்டமே போதும். காந்தத்தை நெருக்கி வைக்கச் சொல்லுங்கள், தாழ்ப்பாளையும் இறுக்குங்கள். இரும்பு கிரில் கேட்டுக்கு மரக் கதவுக் காந்தத்தையே போட்டிருந்தால் இரும்பு அதன் இழுவையைத் தின்றுவிடும். அதற்கென்றே பெரிய, கனமான காந்தம் வருகிறது. விலை வித்தியாசம் சொற்பம்.

அடிப்பது ஹால் மோஷன் சென்சார் என்றால் பல்லியைச் சந்தேகப்படுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த சென்சார் உருவத்தைப் பார்ப்பதில்லை. வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதைப் பார்க்கிறது. அதன் வெள்ளை முகத்தின் மேலேயே ஒரு பல்லி ஊர்ந்தால், பத்தடி தூரத்தில் ஓர் ஆள் நடப்பதும் அதுவும் சென்சாருக்கு ஒன்றுதான். நாய், பூனைக்கு அடிக்காத வகை என்று விற்பதும் முகத்தில் ஏறிய பல்லியிடம் செல்லாது. பின்னால் ஒயர் நுழையும் ஓட்டையை சிலிக்கானால் அடைத்துவிட்டால் எறும்பும் சிலந்தியும் உள்ளே குடியேறாது. சென்சாருக்குப் பக்கத்தில் டியூப் லைட் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். மேற்கு ஜன்னலைப் பார்த்து மாட்டியிருந்தால் சாயங்கால வெயில், ஏசிக் காற்றில் ஆடும் திரை, பூஜை விளக்கு இவையும் ஏமாற்றும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மே மாதம் ஹாலின் சூடு நம் உடம்புச் சூட்டை நெருங்கும்போது இந்த சென்சாருக்கு ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் குறைவாகத்தான் தெரியும். அறைச் சூட்டுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ‘டெம்பரேச்சர் காம்பன்சேஷன்’ உள்ளதா என்று கேட்டு வாங்குவது அதனால்தான். திருச்சி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்மோக் டிடெக்டர் சும்மா அடிக்கிறது என்றால் இடம் தப்பு. சமையலறையில் அது இருக்கவே கூடாது. காய்ந்த மிளகாயைத் தாளித்தாலே கத்தும். அங்கே வெப்ப டிடெக்டர் போட வேண்டும். அது புகையைக் கண்டுகொள்ளாது, மேற்கூரை அருகே காற்று 57 டிகிரி செல்சியஸ் அளவைத் தொட்டால்தான் அடிக்கும். ஸ்மோக் டிடெக்டரின் இடம் படுக்கையறைகளும் அவற்றுக்கு வெளியே உள்ள நடையும். சீலிங் ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்தும் ஏசி வாயிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் உண்மையான புகையைக் காற்று ஒதுக்கித் தள்ளிவிடும். பூஜை அறை பக்கத்தில் என்றால் வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு ஓர் ஏற்பாடு வேண்டும்: ஜன்னலைத் திறந்து வைப்பது, டிடெக்டரில் ‘ஹஷ்’ பட்டன் இருந்தால் அதை அழுத்துவது. அது சில நிமிடம் மட்டும் அமைதி காத்துவிட்டுத் தானாக வேலைக்குத் திரும்பும். பாலித்தீன் கவரைக் கட்டுவது மட்டும் வேண்டாம். வெள்ளிக்கிழமை கட்டிய கவர் பொங்கல் வரை அப்படியே தொங்கும். நடுராத்திரி ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை ‘கீச்’ என்று சத்தம் வந்தால் அது தீயில்லை, டிடெக்டரின் பேட்டரி தீரப்போகிறது. விடியற்காலைக் குளிரில் பேட்டரியின் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்குவதால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் ஆரம்பிக்கும்.

இனி தினசரி இயக்கம். ஆர்ம் செய்வதில் இரண்டு வகை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போனால் ‘அவே’, எல்லா சென்சாரும் வேலை செய்யும். ராத்திரி வீட்டுக்குள் தூங்கினால் ‘ஸ்டே’. சில பேனலில் ‘ஹோம்’ என்று இருக்கும். கதவு, ஜன்னல் மட்டும் காவலில் இருக்கும், ஹால் சென்சார் தூங்கும். அப்பா பாத்ரூம் போக எழுந்தவுடன் சைரன் அடிக்கிறது என்றால் ராத்திரியும் ‘அவே’ போட்டுவிட்டுப் படுக்கிறார் என்று அர்த்தம். காற்றுக்காக ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டுமா, அந்த ஸோனை மட்டும் ‘பைபாஸ்’ செய்தால், அதாவது காவலிலிருந்து விலக்கினால், போதும். பெரும்பாலான பேனல்களில் அடுத்த முறை டிஸ்ஆர்ம் செய்யும்போது பைபாஸ் தானாக நீங்கிவிடும்.

வாசலில் நுழைந்தபின் கோட் போட 30 வினாடி கொடுத்திருப்பார்கள். கையில் காய்கறிப் பை, முழங்கால் வலி, மூக்குக் கண்ணாடியைத் தேட வேண்டும். அம்மாவுக்கு 30 போதாது. 60 ஆக்கச் சொல்லுங்கள். திருடனுக்கும் அந்த அரை நிமிடம் கூடக் கிடைக்குமே என்று டெக்னீசியன் இழுப்பார். கிடைக்கட்டும். அந்த அரை நிமிடத்துக்குப் பயந்து மாதம் முழுக்க ஆர்ம் செய்யாமல் விடுவதுதான் பெரிய நஷ்டம். கோடே வேண்டாம் என்றால் சாவிக்கொத்து அளவு ரிமோட் கிடைக்கும். அதை வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் மாட்டாதீர்கள், தொலைந்தால் இரண்டும் ஒருவன் கையில் சேர்ந்து கிடைக்கும். வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி கோட் கொடுங்கள், அவர் நின்றுவிட்டால் அதை மட்டும் அழிக்கலாம். 1234 இன்னும் இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

சைரன் உண்மையாக அடித்தால் என்ன செய்வது என்பதில்தான் பெற்றோரோடு உட்கார்ந்து பேச வேண்டும். பெரும்பாலான பேனல்களில் திருட்டுக்குத் தொடர்ந்த ஒலி, தீக்கு விட்டுவிட்டு ஒலி. இரண்டையும் ஒரு பகலில் அடிக்கவிட்டுக் கேட்க வையுங்கள். அக்கம்பக்கத்தில் முன்பே சொல்லிவிடுங்கள்.

திருட்டு ஒலி என்றால் போய்ப் பார்க்கக் கூடாது. ரூமைத் தாழ்போட்டு, விளக்கைப் போட்டு, 100 அல்லது 112 அழைக்க வேண்டும். வெளியே போய்விட்டு வரும்போது வீட்டில் சைரன் அடித்துக்கொண்டிருந்தால் கேட்டைத் திறந்து உள்ளே போகவே வேண்டாம், தெருவிலிருந்தே அழைக்கட்டும்.

தீ ஒலிக்கு நேர் எதிராக நடக்க வேண்டும், ரூமில் இருக்கக் கூடாது, உடனே வெளியே. எங்கே தீ என்று தேடுவதோ, சத்தத்தை நிறுத்தக் கீபேடில் நிற்பதோ வேண்டாம். மூடிய கதவை முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் திறக்கக் கூடாது. புகை இருந்தால் குனிந்து, முடிந்தால் தவழ்ந்து வர வேண்டும். வெளியே வந்தபின் 101 அல்லது 112.

இங்கேதான் நம் ஊர் வீடுகளின் பெரிய சிக்கல். திருட்டுக்குப் பயந்து வாசலுக்கு ஒரு கிரில், அதற்கு உள்ளிருந்து திண்டுக்கல் பூட்டு, சாவி பீரோவுக்குள் புடவைக்கு அடியில். ஜன்னலுக்கெல்லாம் கம்பி. புகை மூன்று நிமிடத்தில் ஒரு வீட்டை இருட்டாக்கிவிடும். அந்த இருட்டில் பீரோவைத் திறந்து சாவி தேடி, நடுங்கும் கையால் பூட்டைத் திறப்பது நடக்கிற காரியமா? நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்தச் சாவி எங்கே என்றுதான் கேட்பேன். ராத்திரிப் பூட்டின் சாவி, கதவுக்குப் பக்கத்தில், ஜன்னல் வழியாகக் கை எட்டாத தூரத்தில், இருட்டிலும் தடவி எடுக்கிற உயரத்தில் ஓர் ஆணியில் தொங்க வேண்டும். அந்த ஆணியில் வேறு எதையும் மாட்டக் கூடாது. கொல்லைக் கதவுக்கும் இதேபோல் இன்னொன்று. பேனலை எந்தக் கம்பெனியில் வாங்கினீர்கள் என்பதைவிட இந்த ஆணி முக்கியம் என்பது என் கருத்து. இதைச் சொன்னால் எனக்கு வியாபாரம் பெருகாது, பரவாயில்லை.

சமையலறையில் காஸ் டிடெக்டரும் போட நினைத்தால் தரைக்கு அருகில் மாட்டுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். அது அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, எட்டினால் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியேற வேண்டும்.

பேனல் யார் யாரை எந்த வரிசையில் அழைக்கும் என்ற போன் வரிசைக்கு வருவோம். பேனல் முதலில் யாரை அழைக்கிறது? நிச்சயம் உங்களைத்தான் போட்டிருப்பார்கள், பணம் கட்டியவர் நீங்கள். பெங்களூரில் படுத்திருக்கும் நீங்கள் பதறி எழுந்து எதிர்வீட்டு மாமாவுக்குத்தான் போன் செய்யப்போகிறீர்கள். அந்த மாமா எண்ணையே முதலில் போடுங்கள், அவர் சம்மதத்தோடு. இரண்டாவது இரண்டு தெரு தள்ளி இருக்கும் சித்தப்பா. நீங்கள் மூன்றாவது. 100, 101 எண்களைப் பேனலில் போட வேண்டாம். பதிவு செய்த குரல் பல்லிக்கெல்லாம் அவர்களை அழைத்துக்கொண்டிருக்கும். குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது உள்ளூர் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்தில் ஒரு கண் வைப்பார்கள், அது தனி.

பேனல் 2ஜி வகை என்றால் ஜியோ சிம் அதில் எடுபடாது, ஜியோவுக்கு 2ஜி சேவையே இல்லை. ஏர்டெல், பிஎஸ்என்எல் மாதிரி ஒன்றைப் போடுங்கள். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்ததை யாரும் கவனிப்பதில்லை, அதற்கு வரும் எச்சரிக்கை மெசேஜும் பேனலுக்குள்ளேயே போய்விழும். ரீசார்ஜ் கெடு முடிவதற்கு முன் வருமாறு உங்கள் போனில் ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். வைஃபையில் ஓடும் பேனல் என்றால் ரூட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் பேனல் உயிரோடு இருந்து ரூட்டர் செத்துக் கிடந்தால் செய்தி எப்படி வரும்?

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை டிடெக்டரின் டெஸ்ட் பட்டன், ஒட்டடைக் குச்சியில் மென்மையான பிரஷ் கட்டி ஒரு தூசி தட்டல். ஊதுபத்தியை அருகில் பிடித்துச் சோதிக்காதீர்கள், உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு படியும். பேனல் பேட்டரிக்கு மூன்று நான்கு வருடம்தான் ஆயுள். டிடெக்டரின் முதுகில் தயாரித்த தேதி இருக்கும், அதிலிருந்து பத்து வருடம் ஆனால் நன்றாக அடித்தாலும் கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மாட்டிய டெக்னீசியனை ஒரு மணி நேரம் வரச் சொல்லி, 60 வினாடி, போன் வரிசை, கதவுக் காந்தம் மூன்றையும் உங்கள் கண் முன்னாலேயே மாற்றச் சொல்லுங்கள். அவர் கிளம்புவதற்கு முன் பேனலின் அமைப்புகளை மாற்றத் தேவையான இன்ஸ்டாலர் கோட் என்ன என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு அவர் கடையை மூடிவிட்டால் அந்த எண் இல்லாமல் என்னைப் போல வேறொருவர் வந்து உங்கள் பேனலில் எதையும் மாற்றுவது பெரிய பாடு.