கைரேகை வாங்கிய கை

கேள்வி: என் தந்தைக்கு 81 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. வாக்கர் பிடித்தாவது நடப்பார் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் அவர் எழ மறுக்கிறார். பிசியோதெரபிஸ்ட் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். இரவும் பகலும் ஆள் வைத்து, ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம். இருந்தும் கோபம் மட்டும் குறையவில்லை. சென்ற மாதம் வங்கிப் படிவத்தில் கையெழுத்து நடுங்குகிறதே என்று கைரேகை வாங்கியபோது, “நான் இன்னும் சாகவில்லை” என்று கத்தி, மைப்பெட்டியைத் தட்டிவிட்டார். வாழும் ஆசையே அவருக்குப் போய்விட்டது என்று நினைக்கிறோம். இனியும் வற்புறுத்துவது கொடுமை இல்லையா? வெளிநாட்டில் இருக்கும் தம்பியை இப்போதே வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லலாமா?

பதில்: உங்கள் கடிதம் முழுவதிலும் உங்கள் தந்தை பேசியதாக இருப்பது ஒரே ஒரு வாக்கியம். “நான் இன்னும் சாகவில்லை” என்பது அது. அதை அவருடைய கோபத்துக்குச் சாட்சியாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவருக்கு வாழும் ஆசை போய்விட்டது என்று நீங்களாகவே தீர்ப்பு எழுதுகிறீர்கள். அவர் வாய்விட்டுச் சொன்னதும் நீங்கள் நினைப்பதும் நேர் எதிராக இருப்பது எழுதும்போது உங்கள் கண்ணில் படவில்லையா?

படிவத்தை நீட்டியபோது அவர் உட்கார்ந்திருந்தாரா, படுத்திருந்தாரா? மல்லாந்து படுத்து, நெஞ்சின் மேல் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு நீங்கள் ஒருமுறை கையெழுத்துப் போட்டுப் பாருங்கள். உங்கள் கையெழுத்து உங்களுக்கே அடையாளம் தெரியாது. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முழங்கையை மேசையில் ஊன்றச் செய்து, தடித்த பேனா ஒன்றைக் கையில் கொடுத்துக் கால் மணி நேரம் காத்திருந்தால் போதும். எழுத்து மாறியிருந்தால் புதிய மாதிரிக் கையெழுத்தைப் பதிவு செய்துகொள்ள வங்கியில் வழி உண்டு. வாழ்நாள் முழுவதும் கையெழுத்துப் போட்ட மனிதரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியது அவருடைய வசதிக்காக அல்ல, உங்களுடைய வசதிக்காக. அந்த நடுக்கத்தை எந்த மருத்துவரிடமாவது காட்டினீர்களா? சில மருந்துகளாலும் தைராய்டு கோளாறாலும் கை நடுங்கும். பார்கின்சன் நோயாக இருந்தால், அவர் விழுந்ததற்கே அது காரணமாக இருந்திருக்கலாம்.

எலும்பு முறிவுப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன் நான். இதே முறிவோடு வந்த 87 வயதுப் பெண்மணி ஒருவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகி, ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. உறவினர்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்று யார் யாருக்குத் தகவல் சொல்வது என்று தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஜுரம் தணிந்த அன்று அவரை உட்காரவைக்க ஆட்கள் சூழ்ந்தபோது, முகமூடியைக் கையால் விலக்கி, “நாலு பேர் தூக்குகிற நாள் வரும், அன்றைக்குத் தூக்குங்கள். இப்போது இரண்டு பேர் போதும்” என்றார். மறுநாள் ஒருவர் போதும் என்றார். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி எழுந்து நின்றார்.

இதை மன உறுதி என்று பாராட்டிவிட்டுப் போவது எளிது. நான் கண்டது அது மட்டுமல்ல. அவருடைய மகள் தினமும் மாலையில் வீட்டுக் கணக்கு நோட்டோடு வருவார். தாயைக் கேட்காமல் எதற்கும் பணம் கொடுக்கமாட்டார். மூச்சு வாங்க வாங்க அந்த அம்மாள் கூட்டலில் பிழை கண்டுபிடித்து மகளைத் திட்டுவார், மகளும் வாங்கிக்கட்டிக்கொள்வார். உங்கள் வீட்டில் உங்கள் தந்தையைக் கேட்காமல் நடக்காத காரியம் என்று ஏதாவது ஒன்று மிச்சம் இருக்கிறதா? அந்த அம்மாள் வாக்கரோடு வீடு திரும்பினார். காலைச் சற்று இழுத்துத்தான் நடந்தார், ஆனாலும் பல ஆண்டுகள் வீட்டை நடத்தினார்.

இனி உடம்பின் கணக்கைப் பார்ப்போம். ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்தது. உங்கள் தந்தை மூன்று மாதமாகக் கிடக்கிறார். அதற்காகக் காலம் கடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 90 வயதை ஒட்டிய தளர்ந்த முதியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தபோது, அவர்களுடைய கால் தசையின் வலிமை இரண்டு மடங்குக்கு மேல் கூடியது.

அவர் சுவர்ப்பக்கம் திரும்புவது வலிக்குப் பயந்தா என்று முதலில் கேளுங்கள். மருத்துவரிடம் பேசி, பயிற்சிக்கு அரை மணி முன்னதாக வலி மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். எழும்போது இரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றுகிறதா என்று பாருங்கள். மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் இருந்தால் அவை அலமாரியில் இல்லாமல் அவர்மேல் இருக்கட்டும். மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். முதுமையிலும் அது மருந்துக்கும் பேச்சுக்கும் கட்டுப்படுகிற நோய்தான். இவ்வளவும் செய்த பிறகு, தெளிந்த அறிவோடு அவரே வேண்டாம் என்று சொன்னால், வற்புறுத்த எனக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும். அவருக்காக நீங்கள் சொல்லக் கூடாது.

ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம் என்கிறீர்கள். ஊட்டிவிட ஆள், துடைத்துவிட ஆள், புரட்டிப் படுக்கவைக்க ஆள். பிள்ளையின் கடமை சம்பளத்துக்கு விட்டுவிடக்கூடியது என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. ஆட்கள் இருக்கட்டும், உதவிதான். ஆனால் அவர் கட்டிலை விட்டு முதல் அடி எடுத்துவைக்கும்போது தாங்குகிற கை உங்களுடையதாக இருக்கட்டும். எப்படிப் பிடிப்பது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார்.

தம்பியை அவசியம் வரச் சொல்லுங்கள், ஆனால் பார்த்துவிட்டுப் போவதற்காக அல்ல. மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வரட்டும்; காலைப் பயிற்சி அவர் பொறுப்பு, மாலைப் பயிற்சி உங்கள் பொறுப்பு. எந்தத் தேதியில் வரலாம் என்பதைத் தம்பியே தொலைபேசியில் அப்பாவைக் கேட்டு முடிவு செய்யட்டும்.