குடிக்கிறவர் வீட்டுக் கேள்விகள்: பாம்பன் அக்காவின் பதில்கள்

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகு கரையில் நிற்கிற இந்த நாட்களில்தான் எனக்கு போன் அதிகம் வரும், அதனால் மொத்தமாகவே பதில் எழுதுகிறேன். நான் போதை மீட்பு ஆலோசகர்தான், டாக்டர் இல்லை, மாத்திரை பெயர் கேட்காதீர்கள்.

தங்கச்சிமடம், கல்லூரி மாணவி: இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் அக்கா?

சின்னப்பாலத்தில் அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போனவள் நான். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி முங்கி எடுத்தால்தான் அன்றைய பாடு. அண்ணன் விசைப்படகில் போனான். முதலில் கஞ்சா, அப்புறம் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்ற ஆரம்பித்தான். கடன்காரர் வாசலுக்கு வந்தால் அம்மா எதையாவது விற்றுக் கொடுத்துவிடுவார். ஒருநாள் பார்க்கிறேன், காதில் தோடு இல்லை, ஓட்டையில் வேப்பங்குச்சி செருகியிருக்கிறார். அண்ணனைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போன இடத்தில் ஆலோசகர் அம்மா ஒருவர் அவனை விட்டுவிட்டு, "நீங்க கடைசியா எப்ப முழுசாத் தூங்குனீங்க?" என்று என் அம்மாவைக் கேட்டார். அம்மா அழவில்லை, விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆளாக நானும் ஆகவேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. தபால் வழியில் பட்டம் படித்து, பிறகு ஆலோசகர் பயிற்சி எடுத்தேன். சாந்தி ரங்கநாதன் பற்றி அங்கேதான் தெரிந்தது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர், 1980இல் சென்னையில் கணவர் பெயரிலேயே சிகிச்சை நிலையம் தொடங்கினார், 1992இல் பத்மஸ்ரீ. குடிப்பவரோடு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுவது அங்கே சிகிச்சையில் ஒரு பகுதி.

அண்ணன் திருந்தினானா என்று அடுத்துக் கேட்பீர்கள். இரண்டு வருஷம் நன்றாக இருந்தான், மறுபடி போனான், மறுபடி வந்தான். இப்போது வேலைக்குப் போகிறான்.

தொண்டி: குடியை நிறுத்த, குழம்பில் தெரியாமல் கலக்க ஒரு பொடி விற்கிறார்களே, வாங்கலாமா?

கூடாது. அதில் டைசல்பிரம் மாதிரி, சாராயம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மருந்து இருந்து, அதன் மேலே அவர் குடித்தால், வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும், உயிரே போகலாம். அந்த மருந்தை டாக்டர் அவரிடம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் கொடுப்பார்.

மண்டபம்: நிறுத்தட்டும் என்று அப்பாவை அறையில் பூட்டிவிட்டோம். கை நடுங்குகிறது, சுவரில் பூச்சி என்கிறார்.

இதைப் படித்து முடிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், 108க்குப் போன் போடுங்கள். பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இப்படிப் பிதற்றல் வரும். அது பேயும் இல்லை நடிப்பும் இல்லை.

கீழக்கரை: தம்பி பையில் கஞ்சா இருந்தது. சிகிச்சைக்குப் போனால் கேஸ் போடுவார்களா?

1985 போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தானே பயன்படுத்தியதற்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு உள்ளவர், அரசு அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் பாதுகாப்பு உண்டு, பாதியில் விட்டால் அது போய்விடலாம். ஆனால் ராத்திரி கடற்கரையில் யாருக்கோ கடத்தல் மூட்டை தூக்கிக் கொடுத்திருந்தால் இது உதவாது, வக்கீலைப் பாருங்கள். யாரிடம் பேசுவதென்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446.

சாயல்குடி: தம்பி குடிக்கிறான், ஏர்வாடி தர்கா பக்கம் காப்பகத்தில் விட்டுவிடலாமா? கட்டிப்போட்டால்தான் அடங்குவான்.

2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியோடு இருந்த 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடுவதே குற்றம்.

ஏர்வாடி: எங்கள் தர்காவை ஏன் இழுக்கிறீர்கள்?

தர்காவை நான் ஒன்றும் சொல்லவில்லை அண்ணே, என் அம்மாவும் அங்கே போய் அழுதவர்தான். காசு வாங்கிக்கொண்டு ஆளைக் கட்டிவைத்த இடங்களைச் சொல்கிறேன்.

சாயல்குடி (மறுபடி): பேசுவது சுலபம். கட்டாவிட்டால் எங்கம்மாவை அடிக்கிறான். நீங்கள் வந்து பிடிப்பீர்களா?

வரமாட்டேன் தம்பி, நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அடி விழுகிற வீட்டில் முதல் வேலை அவனைத் திருத்துவது இல்லை, அம்மாவை அங்கிருந்து எடுப்பது. பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள், அத்தை வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ நாலு நாள் வையுங்கள். மகன் அடித்தாலும் 2005 குடும்ப வன்முறைச் சட்டம் செல்லும். ஊர் என்ன சொல்லும் என்று இழுக்காதீர்கள், ஊருக்கு எப்போதோ தெரியும்.

திருப்பாலைக்குடி: அந்தப் பொடி மூலிகைதான், ஒன்றும் செய்யாதாம்.

தொண்டிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பாம்பன்: மகன் கடனை இந்த ஒரு தடவை அடைக்கட்டுமா?

அம்மாவும் "இந்த ஒரு தடவை" என்றுதான் தோட்டைக் கழற்றினார். கடன்காரரிடம் "அவன்கிட்டயே கேளுங்க" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், குரல் நடுங்கும், பரவாயில்லை. சோறு போடுங்கள், பணம் கொடுக்காதீர்கள்.

தேவிபட்டினம்: பொடி...

இல்லை.

உச்சிப்புளி: உங்களை எப்போது பார்க்கலாம்? அவரைக் கூட்டி வரவா?

ஞாயிறு சாயந்தரம். அவர் வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள். பொடி கொண்டுவராதீர்கள்.