உப்பளத்தில் மூவாயிரம் படம் எடுத்தாச்சு, அடுத்து?

கேள்வி: தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை எட்டு மாதமாகப் படம் எடுக்கிறேன். மூவாயிரம் படம் சேர்ந்துவிட்டது. கையில் கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ்தான். கல்யாண ஆர்டர் காசில் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா வாங்கி, முழுநேர ஆவணப் புகைப்படக்காரன் ஆகிவிடலாமா? (15 படங்கள் இணைத்துள்ளேன்.)
- வாசகர், தூத்துக்குடி

பதில்: கேமரா இப்போது வேண்டாம். உங்களுடைய சிறிய சென்சார் கேமராவில் கிட் லென்ஸை 24 மி.மீ.யில் வைத்தால் ஃபுல் ஃபிரேமில் 35 மி.மீ. போட்ட மாதிரிதான், இந்த வேலைக்கு அந்தக் கோணம் தாராளம். முதலில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் இரண்டிலும் ஏற்றுங்கள்.

பதினைந்தில் ஒன்பது படம் சூரிய உதயமும் நிழலுருவமும். அழகுதான், ஆளைத் தெரியவில்லை. வெயில் ஏறிய பிறகு எடுத்தவற்றில் உப்பு சாம்பலாகவும் முகம் கரியாகவும் கிடக்கிறது. வெள்ளையைப் பார்த்ததும் கேமராவின் ஒளி மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை +1 வரை ஏற்றி, ரா ஃபைலில் (கேமரா சுருக்காமல் பதியும் மூல ஃபைல்) எடுங்கள். அளத்துக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கேமரா பாடியை நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. எடுத்த எடுப்பில் உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கீறிவிடும்.

பெரிய குறை வேறு. எல்லாமே உப்பு விளையும் மாதங்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பாத்தியில் வேலை இல்லையே, அப்போது அடுப்பு எப்படி எரிகிறது? முன்பணம் யாரிடம், எவ்வளவு? அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் எத்தனை நாளைக்கு வருகிறது? ஒரே குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு, மழை விடும்வரை வாரம் ஒருநாளாவது போய் வாருங்கள்.

அதன் பிறகு அறுபது படத்தை 4×6இல் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரே சேதி சொல்லும் இரண்டில் ஒன்றைத் தூக்குங்கள். பத்தில் நிறுத்துங்கள், வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்ற சர்வதேசப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியின் கதைப் பிரிவிலும் உச்சவரம்பு அதுதான். அங்கே மூல ஃபைலையும் கேட்பார்கள். 2015இல் கடைசிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் ஐந்தில் ஒரு பங்கு திருத்தல் காரணமாகவே கழிக்கப்பட்டது. அதனால் குறுக்கே வந்த மின்கம்பியை அழிக்காதீர்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

'உழைப்பின் வியர்வை' என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், அது படக்குறிப்பே அல்ல. 'காலை 5 மணி. வாரிய உப்பை வரப்பில் குவிக்கிறார். வயது 52. காலில் இருக்கும் பூட்ஸ் அவரே காசு போட்டு வாங்கியது' என்பதுதான் படக்குறிப்பு. இதோடு பெயர், ஊர், தேதி. படம் எடுக்க ஒருமுறை, வெளியிட இன்னொருமுறை சம்மதம் கேளுங்கள். பெயர் அச்சில் வந்தால் மறுநாள் அவருக்கு வேலை இல்லாமல் போகலாம்.

பத்திரிகை ஆசிரியருக்கு மெயிலில் ஐந்து வரி, இந்தப் பத்துப் படம், நீளப் பக்கம் 2,000 பிக்சல். டிரைவ் லிங்க்கைத் திறக்க யாருக்கும் நேரம் கிடையாது. பத்திரிகையாளர் பி.சாய்நாத் 2014இல் தொடங்கிய, கிராமப்புற வாழ்க்கையை ஆவணப்படுத்தும் 'பாரி' இணையதளத்துக்கு அனுப்புவதானால் எழுத்தும் கூடவே வேண்டும். ஒப்பந்தம் வந்தால், முதல் பிரசுர உரிமையை மட்டும் கொடுங்கள்.

கல்யாண ஆர்டரை விட வேண்டாம். மார்கழியில் முகூர்த்தமும் இல்லை, அளத்தில் வேலையும் இல்லை. அந்த மாதம் முழுக்க அந்த வீட்டுத் திண்ணையில் உட்காரலாம்.