ப்ரீதர் ஃபில்டர் மாட்டியபின் ஐடிலிங் ஏறி இறங்குகிறதா?

நண்பரே, மாருதி எஸ்டீம் காரில் ப்ரீதர் ஃபில்டர் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் சின்ன வடிகட்டி) மாட்டியதிலிருந்து ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிலையாக இல்லை, வால்வ் கவர் (இன்ஜினின் மேல்மூடி) மேல் ஆயில் படிகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஃபில்டரை எந்தக் குழாயில் மாட்டினீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

வால்வ் கவர் பக்கம் இரண்டு ஹோஸ் உண்டு. ஒன்று ஏர் ஃபில்டர் டக்டுக்கு (காற்று வரும் குழாய்க்கு) போவது. ஃபில்டர் அங்கே மட்டும்தான். மற்றது பிசிவி வால்வ் (இன்ஜின் ஆவியை மறுபடி எரிக்க அனுப்பும் வால்வ்) வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதிக்கு) போவது. அதைக் கழற்றிவிட்டு ஓட்டவே கூடாது. கழற்றி மேனிஃபோல்டு பக்கம் திறந்து விட்டால் காற்று உள்ளே இழுக்கும், ஐடிலிங் அலையும். சோதிக்க மட்டும் சற்று நேரம் கழற்றி, இன்ஜின் ஓடும்போது பிசிவி வாயில் விரல் வைத்துப் பாருங்கள். சுருக்கென்று இழுத்தால் வால்வ் நன்றாக இருக்கிறது.

டக்டில் மிச்சமான ஓட்டையை ரப்பர் மூடி போட்டு கிளாம்ப் இறுக்குங்கள். இல்லையென்றால் வடிகட்டாத தூசி நேராக சிலிண்டருக்குள் போகும். என் வண்டியில் இதைக் கவனிக்காமல் விட்டு, த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) முழுக்க மணல் ஒட்டியிருந்தது.

ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது ஆவி வெளியே தள்ளும், கொஞ்சம் ஈரம் படியும். ஆனால் ஃபில்டரிலிருந்து சொட்டினால் பிஸ்டன் ரிங் தேய்மானமாக இருக்கலாம். அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் சோதனை) எடுத்துவிடுங்கள். சொட்டும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுந்தால் தீப்பிடிக்கலாம், அதுவரை பழைய ஹோஸையே மாட்டி ஓட்டுங்கள்.