பீன்ஸ் பூக்கிறது, காய் பிடிக்கவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: மதுரையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறோம். பிப்ரவரி கடைசியில் பீன்ஸ் விதை ஊன்றினோம். செடி நன்றாக வளர்ந்து பூவும் நிறைய வைக்கிறது; ஆனால் அத்தனையும் கொட்டிவிடுகிறது. தேமோர் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்தது), பஞ்சகவ்யா எல்லாம் தெளித்தாயிற்று. கையால் மகரந்தச் சேர்க்கை செய்துவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். பீன்ஸ் பூவில் மகரந்தச் சேர்க்கை மொட்டு விரியும் தறுவாயிலேயே உள்ளுக்குள் முடிந்துவிடும். தேனீ வராத மாடியிலும் காய் பிடிக்கும். பிரஷ்ஷை விட்டுக் கிண்டினால் நிற்கிற பூவும் உதிரும்.

வெயில்தான் காரணம். பகலில் 32 டிகிரிக்கு மேல் போய், இரவிலும் சூடு தணியாமல் இருந்தால் மகரந்தம் மலடாகிவிடுகிறது. அந்தப் பாதிப்பு, பூ விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே மொட்டுக்குள் நடந்து முடிகிறது. அதனால்தான் விரிந்த பூவின் மேல் எதைத் தெளித்தும் பலனில்லை. நடுவே ஒரு மழை பெய்து குளிர்ந்தாலும் மறுநாளே பிஞ்சு வராது. சில தோட்டங்களில் தழைச்சத்து அதிகமாகி, இலை மட்டும் கரும்பச்சையாய் மண்டி, பூவே வைக்காது. உங்கள் செடியில் பூ நிறைய இருப்பதால் அந்தச் சந்தேகம் வேண்டாம்.

இப்போதுள்ள செடிகளுக்கு நிழல்வலை கட்டலாம், பைகளைச் சுடுகிற தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வைக்கலாம். அப்படியும் கிடைப்பது சொற்பம். செடிகளை வெட்டி மண்ணை மூடும்படி மூடாக்காகப் போட்டுவிட்டு, அதே பைகளில் கொத்தவரையோ காராமணியோ ஊன்றுங்கள். இரண்டுமே வெயிலைத் தாங்கும்.

சமவெளியில் பீன்ஸுக்கு ஏற்ற காலம் குறுகியது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் வாரத்துக்குள் விதைத்தால், பூக்கும் காலம் குளிர் நாட்களில் அமையும். அடைமழை வாரத்தில் மட்டும் ஊன்ற வேண்டாம். ஈரம் நின்றால் விதை அழுகும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கொம்பு நட்டு ஏற்றுகிற கொடி வகையைத் தவிர்த்து, செடி வகையை வாங்குங்கள். கொடி காய்ப்புக்கு வர 60 நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் வெயில் ஏறிவிடும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கோமல் செடி வகை. 45 முதல் 50 நாளில் முதல் பறிப்பு வந்துவிடும்.

செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு கலந்து, 12 அங்குலப் பையில் மூன்று விதை, ஒவ்வொன்றுக்கும் அரை அடி இடைவெளி விட்டு ஊன்றுங்கள். ஆழம் ஓர் அங்குலம் போதும். இரவெல்லாம் விதையை ஊறவைக்காதீர்கள். பீன்ஸ் விதை வேகமாக நீர் குடித்து, பருப்பு உள்ளேயே வெடித்துவிடும். முளைத்தாலும் சவலையாக வரும். ஈரமண்ணில் ஊன்றினாலே ஒரு வாரத்துக்குள் முளைக்கும். பிடுங்கி நட்டால் வேர் தாங்காது, நேரடியாகவே விதையுங்கள். பொரியலுக்கு ஒரே பறிப்பில் கால் கிலோ தேற வேண்டுமானால் எட்டுப் பையாவது வைக்க வேண்டும். இரண்டு பை வைத்துவிட்டு ஏமாந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

முளைத்த இரண்டு மூன்று வாரத்தில் செடி திடீரென வாடினால் தண்டின் அடியைப் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடம் வீங்கி, நெடுக வெடித்து, கீறிப் பார்த்தால் சின்னக் கூட்டுப்புழு இருந்தால் அது தண்டு ஈ. முற்றிலும் வாடியதைப் பிடுங்கி அழியுங்கள். லேசாகத் துவண்டதற்கு வெடிப்பு மறையும் அளவு மண் அணைத்தால் அதற்கு மேலிருந்து புதுவேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். முதல் இலைகள் விரிந்ததிலிருந்தே வாரம் ஒருமுறை, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் இது பெரும்பாலும் வராது.

இலையின் அடியில் விரலில் ஒட்டும் பழுப்புப் பொடி தெரிந்தால் துருநோய். அந்த இலைகளைக் கிள்ளிவிட்டு, இனி தண்ணீரை இலையில் படாமல் காலையில் மண்ணில் ஊற்றுங்கள். பூக்கும் நேரத்தில் மண் ஒருநாள்கூட வறளக் கூடாது. குளிர்காலத்திலும் பூ கொட்ட அது ஒன்றே போதும்.

காய் பென்சில் கனம் வந்து, ஒடித்தால் ‘பட்’ என்று முறியும் பதத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பறியுங்கள். உள்ளே விதை புடைத்த காயைச் செடியில் விட்டால் புதுப்பூ குறைந்துவிடும். பறிக்கும்போது ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெடுக்கென்று இழுத்தால் காயோடு பூங்கொத்தும் வந்துவிடும்.