பர்னாந்து என்ற பெயரும் டி.என்.ஏ. முடிவும்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் குடும்பப் பெயர் பர்னாந்து, ஊர் மணப்பாடு. "நீங்கள் போர்த்துக்கீசிய வம்சமா?" என்று வெளியூரில் கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலும் சிலர் அப்படித்தான் நம்புகிறார்கள். பெயரை வைத்து வம்சத்தைச் சொல்லிவிட முடியுமா?

முடியாது. முத்துக்குளித்துறையில், அதாவது தூத்துக்குடியும் மணப்பாடும் அடங்கிய நம் கரையில், பெயர் வந்த வழி வேறு, ரத்தம் வந்த வழி வேறு.

முத்துக் குளிக்கும் உரிமையை ஒட்டி எழுந்த மோதலில், 1530களில் இக்கரையின் கடலோடிச் சமூகமான பரதவர்கள் கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரின் துணையை நாடினார்கள். அதன் தொடர்ச்சியாக 1536, 1537ஆம் ஆண்டுகளில் கடற்கரை ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கியது 1542இல்தான். திருமுழுக்கின்போது ஞானத்தந்தையாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயரோ, குருவானவர் இட்ட பெயரோ குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒரு கப்பல் தலைவன் பல பேருக்கு ஞானத்தந்தையாக நின்றால், அத்தனை பேரும் அவன் பெயரைச் சுமப்பார்கள். அவர்களுக்குள் உறவு எதுவும் இருக்க வேண்டியதில்லை.

பர்னாந்து விஷயத்தில் இன்னொரு தடயமும் உண்டு. போர்த்துக்கல்லில் இது முதற்பெயர். குடும்பப் பெயராக அங்கே வழங்குவது பெர்னாந்தஸ், அதாவது பர்னாந்தின் மகன். ரொட்ரிகோவும் ரொட்ரிகஸும் அப்படித்தான். நம் கரையில் முதற்பெயரே குடும்பப் பெயராக நிலைத்திருப்பதைப் பார்த்தால், அது போர்த்துக்கீசியக் குடும்பம் ஒன்றின் வழிவந்த பெயர் என்பதைவிடத் திருமுழுக்கில் இடப்பட்ட பெயர் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

கலப்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். போர்த்துக்கீசிய ஆண்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதைக் கோவாவில் போர்த்துக்கீசிய ஆளுநர் அல்புகர்க்கே ஊக்குவித்தார். தூத்துக்குடியை 1658இல் டச்சுக்காரர்கள் பிடிக்கும்வரை இந்தக் கரையிலும் போர்த்துக்கீசியர் இருந்தார்கள். அப்படி ஒரு மூதாதை உங்களுக்கு இருந்திருக்கலாம். ஆனால் அதற்குச் சாட்சி சொல்ல பர்னாந்து என்ற பெயருக்குத் தகுதி இல்லை. பெயர் கல்டேராவாக இருந்தாலும் கொரேராவாக இருந்தாலும் இதே பதில்தான்.

டி.என்.ஏ. பரிசோதனையில் எனக்கு "ஐபீரியா (போர்த்துக்கல், ஸ்பெயின் பகுதி) 2 சதவீதம்" என்று வந்திருக்கிறது. தந்தைவழிக் குழு "ஆர்1ஏ" என்கிறார்கள். அது ஐரோப்பியக் குழு என்று நண்பர் சொல்கிறார். அப்படியானால் போர்த்துக்கீசியத் தொடர்பு உறுதிதானே?

இல்லை. இரண்டு முடிவுகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஆர்1ஏ. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே இறங்குவது. குடும்பப் பெயரும் அதே வழியில்தான் இறங்குகிறது. ஆகவே பெயரைச் சோதிக்க ஏற்ற பரிசோதனை இதுதான். ஆனால் ஆர்1ஏ என்ற மேல்மட்டப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அதன் இசட்282 கிளை ஐரோப்பாவில் பரவியது. இசட்93 கிளை ஆசியாவுக்குரியது. இந்தியாவில் ஆர்1ஏ உள்ளவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இசட்93 கிளையில்தான் வருகிறார்கள். எச்-எம்69, எல்-எம்20, ஆர்2 ஆகிய தந்தைவழிக் குழுக்களும் தென்னிந்தியாவில் சகஜம். ஜே2 இங்கும் உண்டு, ஐபீரியாவிலும் உண்டு. கீழ்க்கிளை தெரியாமல் அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. போர்த்துக்கீசிய ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இருப்பது ஆர்1பி-எம்269. தென்னிந்தியாவில் அது அரிது. உங்கள் நேர் தந்தைவழியில் அது வந்தால் ஐரோப்பிய மூதாதை ஒருவரைத் தேடிப் போவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் அவர் போர்த்துக்கீசியரா, டச்சுக்காரரா, ஆங்கிலேயரா என்பதைக் கீழ்க்கிளைதான் பிரித்துக் காட்டும்.

அடுத்து அந்த 2 சதவீதம். பாட்டன் பாட்டியிடமிருந்து சராசரியாக 25 சதவீதம் நமக்கு வருகிறது. அதற்கு மேல் தலைமுறைக்குத் தலைமுறை அது பாதியாகிக்கொண்டே போகும்: 12.5, 6.25, 3.1, 1.6. ஆறு தலைமுறைக்கு முந்தைய ஒருவர் முழுக்க ஐரோப்பியராக இருந்தால்தான் இன்று 1.6 சதவீதம் எஞ்சும். தலைமுறைக்கு 28 ஆண்டு என்று வைத்தால் அவர் சுமார் 170 ஆண்டுகள் உங்களுக்கு மூத்தவர். போர்த்துக்கீசியர் இந்தக் கரையை விட்டுப் போய் வெகுகாலம் கழித்துப் பிறந்தவர். 1537ஆம் ஆண்டு மூதாதை என்றால் பதினாறு, பதினேழு தலைமுறை தாண்ட வேண்டும். அவ்வளவு தூரத்திலுள்ள தனியொரு மூதாதையின் துண்டு ஒன்றுகூட உங்கள் உடலில் மிஞ்சாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். உள்மணம் (தங்களுக்குள்ளேயே மணம் முடிப்பது) மிகுந்த சமூகங்களில் மட்டும் பல வழிகளில் வந்த சிறு துண்டுகள் சேர்ந்து நிற்கலாம்.

பெரும்பாலும் இந்த 1, 2 சதவீதங்கள் கணக்கீட்டுப் பிசிறு. நிறுவனம் தன்னிடமுள்ள மாதிரித் தொகுப்போடு ஒப்பிட்டுத்தான் இந்த எண்ணைச் சொல்கிறது. தொகுப்பில் தமிழகக் கடற்கரை மக்கள் குறைவாக இருந்தால், எங்கும் பொருந்தாத துண்டுகள் ஏதோ ஒரு தொலைதூர நாட்டின் கணக்கில் ஏறிவிடும். இதைச் சரிபார்க்க, தாயும் தகப்பனும் அதே நிறுவனத்தில் சோதிக்கட்டும். மகனிடம் உள்ள உண்மையான துண்டு இருவரில் ஒருவரிடம் இருந்தே தீர வேண்டும். இருவருக்கும் பூஜ்யம் என்றால் உங்களுடைய 2 சதவீதம் பிசிறுதான். பெற்றோர் இல்லையென்றால் குரோமோசோம் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஒரே நீளத் துண்டாக நின்றால் மதிக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொடிப்பொடியாகக் கிடந்தால் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எந்தப் பரிசோதனை எடுக்க வேண்டும்? எங்கள் ஊரில் பர்னாந்துகள் எல்லாம் ஒரே வம்சமா என்று கண்டுபிடிக்க ஆசை.

ஒய் குரோமோசோமில் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்களை 37 இடங்களில் எண்ணும் ஒய்-எஸ்டிஆர் 37 குறியீட்டுச் சோதனையில் தொடங்குங்கள். ஆணிடமிருந்துதான் மாதிரி எடுக்க முடியும். பெண்கள் கேட்டால் தகப்பன், உடன்பிறந்தான், பெரியப்பா அல்லது சித்தப்பா மகன் என்று பெயர் இறங்கிய வழியில் ஒருவரைச் சோதிக்கச் சொல்லுங்கள். தாய்மாமன் மகன் உதவமாட்டார்.

ஊரில் உறவு தெரியாத நான்கைந்து பர்னாந்து குடும்பங்களிலிருந்து ஆளுக்கொருவர் எடுத்தால் போதும். 37இல் 36 அல்லது 37 பொருந்தினால் சில நூற்றாண்டுகளுக்குள் பொதுத் தகப்பன் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப் பொருந்துவோர் மட்டும் 111 குறியீடுகளுக்கும், பிறகு பிக் ஒய் போன்ற விரிவான எஸ்என்பி (டி.என்.ஏ.யின் ஒற்றை எழுத்து மாற்றங்களைத் தேடும்) சோதனைக்கும் போகலாம். ஏழு அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வந்தால், பெயர் வருவதற்கு முன்பே பிரிந்த வழிகள் அவை. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், மேல் சோதனைக்குப் பணம் வீண்.

முடிவு பலவாகப் பிரியும் என்றே எதிர்பாருங்கள். பிரிட்டனில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். அரிய பெயர்களில் பலரும் ஒரே ஒய் வகையைப் பகிர்ந்தார்கள். ஸ்மித் போன்ற மிகப் பரவலான பெயரில் அப்படி ஒற்றுமை இல்லை. பர்னாந்து நம் கரையின் ஸ்மித். வில்லவராயர், பூபாலராயர், கலிங்கராயர் போன்ற உள்நாட்டுப் பட்டங்களைப் பெயராகக் கொண்ட குடும்பங்களில் இந்தச் சோதனை செய்தால் சுவையான முடிவு வரலாம். பட்டம் பெற்றவர்கள் குறைவு, ஞானத்தந்தைகளின் பிள்ளைகள் ஏராளம்.

தாய்வழி, தந்தைவழி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆட்டோசோமல் சோதனையில் வரும் உறவினர் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். தலைமுறை தலைமுறையாக அத்தை மகன், மாமன் மகள் திருமணம் நடந்த ஊரில், நான்கைந்து வழியில் தூரத்து உறவான ஒருவர் நெருங்கிய உறவுபோலத் தெரிவார். மொத்த சென்டிமார்கனை (பகிரும் டி.என்.ஏ. துண்டுகளின் நீள அலகு) பார்ப்பதைவிட மிக நீளமான துண்டைப் பாருங்கள். 7 சென்டிமார்கனுக்குக் குறைந்தவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மிராந்தா, மச்சாது, லோபோ, தல்மெய்தா... இவற்றுக்கெல்லாம் அர்த்தம் உண்டா?

உண்டு. மச்சாது கோடரி, லோபோ ஓநாய், பெரைரா பேரிக்காய் மரம், கர்வாலோ ஓக் மரம், சில்வா காடு, ரோச் பாறை, கோஸ்தா கடற்கரை அல்லது சரிவு, கொரேரா தோல்வார். மிராந்தாவும் தல்மெய்தாவும் (அல்மெய்தா ஊரைச் சேர்ந்தவர்) ஐபீரிய ஊர்ப்பெயர்கள். அல்மெய்தாவின் வேர் அரபு மொழியில் இருக்கிறது. வாஸ் என்றால் வாஸ்கோவின் மகன். பர்னாந்து ஜெர்மானிய மக்கள் ஐபீரியாவுக்குக் கொண்டுபோன பெயர். துணிவு என்ற பொருளுடைய சொல் அதில் அடங்கியிருக்கிறது. இந்த அர்த்தங்கள் போர்த்துக்கல்லில் அந்தப் பெயரை முதலில் சூடியவருக்குப் பொருந்தும். தூத்துக்குடி மச்சாதுவின் பாட்டன் தச்சராக இருந்தார் என்று இதிலிருந்து கதை கட்டக் கூடாது.

தாத்தாவுக்கு மேலே எங்களுக்குப் பெயர் தெரியவில்லை. கோயில் பதிவேட்டில் தேடினால் கிடைக்குமா? எப்படித் தொடங்குவது?

தாத்தாவின் திருமணப் பதிவில் தொடங்குங்கள். மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயரும் கோயில் பங்கும் அதில் ஒரே வரியில் கிடைக்கும். 1907ஆம் ஆண்டு ரோமாபுரி ஆணைக்குப் பிறகு, ஒருவரின் திருமண விவரத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஆகவே ஓரக் குறிப்புகளை விடாமல் படியுங்கள். வேறு ஊரில் மணம் முடித்தவரைப் பிடிக்க அதுதான் வழி.

பழைய பதிவுகள் இலத்தீனில் இருக்கும். ஃபீலியுஸ் மகன், ஃபீலியா மகள், பத்ரீனுஸ் ஞானத்தந்தை, மத்ரீனா ஞானத்தாய், விதுவா கைம்பெண். இவ்வளவு தெரிந்தால் ஓரளவு சமாளிக்கலாம். பலர் தடுக்கி விழுவது முதற்பெயரில்தான். வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ், சந்தியாகுவும் யாகப்பனும் ஒரே யாக்கோபுஸ். "சந்தியாகு பர்னாந்து இல்லவே இல்லை" என்று திரும்பி வருபவர்கள் பாதிப் பேர் யாக்கோபுஸைத் தாண்டிப் போனவர்கள்தான்.

அடுத்த இடையூறு, ஒரே பெயரில் பலர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதால் ஒரே ஆண்டில் மூன்று யோசேப்பு பர்னாந்து இருப்பது சாதாரணம். குழந்தை இறந்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை இட்டதும் உண்டு. இறப்புப் பதிவையும் பார்க்காவிட்டால் அண்ணன் பிறந்த தேதி தம்பிக்கு ஏறிவிடும். மனைவி பெயர், ஞானப்பெற்றோர் பெயர், வீட்டுப் பட்டப்பெயர் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் யாரையும் உங்கள் பாட்டன் என்று எழுதிவிடாதீர்கள். பட்டப்பெயர் ஏட்டில் இருக்காது. ஊரின் மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஊரில் இரண்டு பழைய கோயில்கள் இருந்தால் இரண்டிலும் தேட வேண்டும். பதுரவாதோ (போர்த்துக்கல் அரசின் ஆதரவில் இயங்கியது), புரொப்பகாந்தா (ரோமாபுரியின் நேரடிப் பொறுப்பில் இயங்கியது) என்ற இரு திருச்சபை நிர்வாகங்களுக்கிடையே நடந்த நீண்ட இழுபறியில் ஒரே ஊர்க் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து தனித்தனி ஏடுகளில் பதிவானது உண்டு. தூத்துக்குடி மறைமாவட்டம் 1923இல்தான் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய கடிதங்கள், அறிக்கைகளுக்குச் செண்பகனூரிலுள்ள இயேசு சபை ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கலாம். பங்கு ஏடுகளைப் பார்க்கப் பங்குத்தந்தையின் அனுமதி தேவை. ஆண்டு, ஊர், முழுப்பெயர் குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதிக் கேட்டால் பதில் எளிதாகக் கிடைக்கும்.

மாப்பிள்ளையும் பர்னாந்து, பெண்ணும் பர்னாந்து. திருமணத்துக்கு மருத்துவ ரீதியில் தடை உண்டா?

பெயர் ஒன்றாக இருப்பது தடையே அல்ல; மேலே சொன்னபடி அது உறவுக்கே சான்றில்லை. கவனிக்க வேண்டியது வேறு: தாய்மாமன் மகளுக்குக் குடும்பப் பெயர் வேறாக இருக்கும், ஆனால் அவர் உங்களோடு சராசரியாக 12.5 சதவீத மரபணுவைப் பகிர்பவர். திருச்சபைச் சட்டத்திலும் இந்த நெருக்கத்துக்குத் தனி விலக்கு வாங்க வேண்டும். பழைய திருமணப் பதிவுகளில் அந்த விலக்கு எழுதப்பட்டிருப்பதால், பாட்டன் பாட்டி உறவினரா என்பதும் தெரிந்துவிடும். இரு தரப்பிலும் எட்டு எட்டாகப் பூட்டன் பூட்டிகளின் பெயரை எழுதி ஒப்பிடுங்கள். பொதுவான பெயர் வந்தால், அல்லது இரு குடும்பத்திலும் ஒரே பரம்பரை நோய் இருந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.